பன்னிரண்டோடு நிறுத்திய படம்

போன செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வெட்டும் வைரமுனையை வைத்து இழுக்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது தன் இஷ்டத்துக்கு உடையும். அந்த நேரம் பார்த்துத்தான் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. கோட்டை முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் படம் அனுப்பியிருந்தார். முழுப் படம் இல்லை, ஒரு தாளின் அடி ஓரம் மட்டும். அதில் பென்சிலால் 3/12 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து.

'சார், இது ஒரிஜினல்தானா? இப்ப என்ன மதிப்பு இருக்கும்? நீங்கதான் சொல்ல முடியும்னாங்க.'

பெரிதாக்கிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்றுக்குத் தலை தட்டையாக இருக்கும். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. ஒரிஜினல்தான் என்று பதில் போட்டேன். உடனே கூப்பிட்டார்.

"பன்னெண்டுதான் இருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியுமா சார்? கூட நாலஞ்சு எங்கயாவது இருந்துட்டா?"

"இல்லம்மா. பன்னெண்டேதான்."

"எப்படி சார் அவ்வளவு உறுதியா?"

"தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு விலையைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். போனை வைத்த பிறகு கல்யாணப் படத்தைச் சட்டத்தில் தலைகீழாகப் பொருத்தி ஆணியும் அடித்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, கல்யாணமாகி இருவது நாளுதான ஆச்சு, அதுக்குள்ள தலைகீழாக்கிட்டீங்களே" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டுதான் என்று எனக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை கடைவீதியில் படத்துக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, அளவுகோல் கைவிடவில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது படமில்லை, வருகிறவர்களின் பேச்சுதான். "எங்கப்பா கண்ணு என்னையப் பாக்குற மாதிரி வச்சுக் குடுங்க" என்பார் ஒருவர், ஏதோ நான்தான் அவருடைய அப்பாவைப் படைத்தவன் போல. "மருமக படத்த விட எம் படம் ஒரு இஞ்சு பெருசா இருக்கணும். அவளுக்குத் தெரியக் கூடாது, ஆனா தெரியணும்" என்று ஓர் அம்மா கேட்டார். அரை அங்குலம் கூட்டிக் கொடுத்தேன். தெரிந்துவிட்டதாம். ரொம்பத் திருப்தி என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஆரம்ப நாட்களில்தான் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு திருச்சிக்காரர் ஒரு படம் கொண்டுவந்தார். ரயில் பட்டறை, வரிசையாகக் கூரைகள், நடுவில் புகை. செப்புத் தகட்டில் அரித்து, மை தடவி, ஒவ்வொன்றாகக் கையால் அச்செடுத்த படம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என்னிடம் தயாராக இருந்த சட்டத்துக்கு அது ஒரு விரல்கடை நீளமாக இருந்தது. கீழே ஏதோ பென்சிலில் கிறுக்கியிருந்தது. எந்தக் கடையிலோ போட்ட டோக்கன் நம்பர் என்று நினைத்து அந்த ஓரத்தை நறுக்கி எறிந்துவிட்டு, அழகாகப் பொருத்தி வைத்தேன். அவர் வந்து பார்த்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"தம்பி, எம் படத்தோட பொறப்புச் சான்றிதழக் கிழிச்சுட்டியே."

நாற்பது பிரதி போட்டால் ஒவ்வொன்றிலும் ஓவியர் தம் கையால் நம்பர் எழுதுவார், ஒன்பதாவது என்றால் 9/40, அதற்கு மேல் அச்சடிக்கவே மாட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். "இனிமே இது ஒனக்குத்தான் லாயக்கு" என்று படத்தை என்னிடமே விட்டுவிட்டுக் கீரனூர் வழி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்த அவமானத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். விற்பனைக்கு வரும் படங்களின் பட்டியல் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். தாள் எப்படிப்பட்டது, ஓரம் நறுக்காமல் இருக்கிறதா, பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா, எத்தனையில் எத்தனையாவது, அச்சடித்த பலகையை அழித்தாயிற்றா என்று எல்லாம் பார்த்து மதிப்புச் சொல்லக் கற்றுக்கொண்டேன். வாங்கவும் தொடங்கினேன். ஆலை ஊர்ப் படங்கள் மட்டும்தான். சங்கு ஊதினால் ஊரே எழுந்து நடக்கிற மாதிரி ஊர்கள். புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் வரிசை. "வீட்ல மனுசன் மூஞ்சி ஒண்ணு மாட்ட எடமில்ல, எங்கிட்டுப் பாத்தாலும் பொகை" என்று என் மனைவி சொல்லாத நாளில்லை. பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் இன்னும் மோசம். "சாமி படம்னா பூ வைக்கலாம். இதுக்கு என்னத்த வைக்கிறது, பீடியா?"

ஆனாலும் விஷயம் பரவிவிட்டது. புதுக்கோட்டையில் ஒருத்தன் இந்த மாதிரிப் படத்துக்கு மதிப்புச் சொல்கிறான் என்று மதுரை, திருச்சியிலிருந்தெல்லாம் கடிதம் வரும். எனக்கும் தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. அந்தக் கனத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமைதான் ஸ்டெல்லா டீச்சர் கடைக்கு வந்தார்.

கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. கணவர் அந்தோணி, அங்கே இருந்த நூற்பாலையில் ஃபிட்டர். ஆலைக்காரர்கள் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். டீச்சர் பஸ்ஸில் நெரிசலுக்குப் பயந்து ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். குழாயின் மூடியைத் திறந்ததும் ஆளிவிதை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை கடை முழுக்க வந்தது. இன்றைக்கும் ஏதாவது பெட்டியைத் திறக்கும்போது அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் ஆசை வருகிறது, பிறகுதான் வெட்கம் வருகிறது.

விரித்துப் பார்த்தேன். செய்தித்தாளை ஒரு மடி மடித்தால் வரும் அளவு. கறுப்பு மை மட்டும்தான். மேலே ரம்பப் பல் மாதிரி ஆலைக் கூரை. வலப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. கேட்டிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வருகிற கூட்டம். கீழே இரண்டு வரிசையாக லைன் வீடுகள், வரிசைக்குப் பதினான்கு. எல்லாம் ஒரே அச்சில் கட்டிய வீடுகள்தான். ஆனால் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தார். ஒரு வாசலில் ஆடு. ஒன்றில் முன்சக்கரம் இல்லாத சைக்கிள். ஒன்றில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு பப்பாளி மரம். வீடு ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான்.

"எதுல செதுக்குனீங்க டீச்சர்?"

"லினோலியம்ணே. ஆஸ்பத்திரித் தரையில விரிப்பாங்கள்ல, அது மாதிரி. எட்டு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கெழமதான உக்கார முடியும்."

"பிரஸ்ஸு?"

"வீட்டுக்காரரு செஞ்சு குடுத்தாரு. மில்லுல கழிச்சுப் போட்ட உருளை ரெண்டு கெடந்துச்சு."

பன்னிரண்டு பிரதி காய்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் பதினாறு போட வேண்டும், வீட்டுக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கப் போகிறேன் என்றார். இருபத்தெட்டுக்கும் சட்டம் போட ஆகக் குறைந்த விலை என்ன என்று கேட்கத்தான் வந்திருந்தார். இருபத்தெட்டு சட்டம்! வேறு கடைக்காரனாக இருந்தால் அங்கேயே அளவெடுத்திருப்பான். எனக்குத்தான் விஷயம் தெரியுமே. "இத ஒரு நாளு எங்கிட்ட விட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றேன்.

சென்னையில் ஓவியக் கூடம் நடத்தும் ஓர் அம்மாவிடம் நான் அவ்வப்போது படம் வாங்குவதுண்டு. அவருக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். நான் சொன்ன விதத்திலேயே அவருக்குப் பிடித்துவிட்டது. "அனுப்புங்க, விக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"ஐம்பது வரைக்கும் போடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல. அது முடிஞ்சதும் பலகையில குறுக்கே வெட்டிடச் சொல்லுங்க. அது போதும்."

ஐம்பது. லைன் வீடு இருபத்தெட்டுக்கும் கொடுத்து, சென்னைக்கும் கொடுத்து, மிச்சமும் இருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு நான் போட்ட கணக்கு வேறு. ஐம்பதில் நான்கு என்னிடம் இருந்தால் அது நான்கு படம். பன்னிரண்டில் நான்கு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஊரின் மூன்றில் ஒரு பங்கு என் மேஜை இழுப்பறையில். இப்படியெல்லாம் அப்போது வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கீரனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்லப் போகிறவன் எதற்கு ஒத்திகை பார்க்கிறான்?

டீச்சர் வீட்டுக் கூடத்தில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, படங்கள் தொங்கின. அந்தோணி பனியனோடு உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சட்டக்காரரே. எங்க ஊர எங்க கொண்டு போறீங்க?" என்றார் சிரித்துக்கொண்டே.

"மெட்ராஸுக்குங்க" என்று ஆரம்பித்தேன். "பெரிய எடம். ஆனா பன்னெண்டுக்கு மேல போட்டா எடுக்க மாட்டாகளாம்."

டீச்சர் கொடியைப் பார்த்தார். "பன்னெண்டா? இருபத்தெட்டு வீடு இருக்குங்களேண்ணே."

"அவங்களுக்கு வேற ஒண்ணு செதுக்கிக் குடுத்துட்டாப் போச்சு. இது நாலு பேரு பாக்க வேண்டிய படம் டீச்சர். ஒங்க பேரு வெளிய வரணும்ல?"

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு மாம்பழமும் தென்னை மரமும் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய கண் கொஞ்சம் கலங்கியது. சரி என்றார். எட்டு படம் சென்னைக்கு. நான்கு எனக்கு, சட்டம் போட்டு அனுப்புகிற செலவுக்கு ஈடாக. அதையும் நானேதான் சொன்னேன்.

அடுத்து பலகையை அழிக்க வேண்டும். இனி யாரும் அதில் அச்செடுக்க முடியாதபடி குறுக்கே ஆழமாக ஒரு கோடு வெட்டுவது வழக்கம். வெட்டிய பிறகு அதிலிருந்து ஒரே ஒரு அச்சு எடுத்து வைப்பார்கள், அழித்தாயிற்று என்பதற்குச் சாட்சியாக. டீச்சர் உளியைக் கையில் எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காத" என்றார் அந்தோணி. "நான் செஞ்ச உருளையில வந்த ஊரு. நான் வெட்ட மாட்டேன். யாரு வெட்டணும்னு சொல்றாகளோ அவுகளே வெட்டட்டும்."

நான்தான் வெட்டினேன். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு. கண்ணாடி வெட்டிப் பழகிய கை, நடுவில் நிறுத்தவில்லை. லினோலியம் சுருள் சுருளாக எழும்பி வந்து என் வேட்டியில் விழுந்தது. கூரை, கேட், பிறகு வீடுகள். மை தடவி அந்தோணி உருளையைச் சுற்றினார். ஊரின் மேல் வெள்ளையாக, விரல் அகலத்துக்கு ஒரு கோடு ஓடியது.

அந்தத் தாளை டீச்சர் உரித்தெடுத்துத் தூக்கிப் பிடித்த நேரத்தில் வாசலில் ஒரு குரல். "எனக்கு ஒண்ணு வச்சிருக்கீகளா டீச்சரு?" பதினோராம் நம்பர் வீட்டுப் பாக்கியம் அக்கா. ஆலையில் நூல் கண்டு போடும் பகுதியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. பப்பாளி மரம் அவர் வீட்டுடையது.

"என்ன டீச்சரு, குறுக்க கோடு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கொடியில் தொங்கிய படங்களை எண்ணுவது போல நின்றேன்.

"கை தவறிருச்சுக்கா" என்றார் டீச்சர்.

"தவறுனா என்ன, இதையே குடுங்க. எங்க வீட்டு மேல போகலைல, அங்கிட்டுள்ள வீட்டு மேலதான போகுது" என்று சொல்லிச் சிரித்தார் பாக்கியம் அக்கா. எனக்கு அந்தச் சாட்சிப் பிரதியையும் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது; பட்டியல் புத்தகங்களில் அதற்கும் தனி மதிப்பு உண்டு. கேட்கவில்லை. வெகுநாள் வரை இதை என் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு படமும் மூன்றே மாதத்தில் விற்றன. லைன் வீட்டுக்காரர்களுக்கு டீச்சர் வேறொன்று செதுக்கவில்லை. ஆலையில் முதலில் மூன்றாம் ஷிஃப்டை நிறுத்தினார்கள், அப்புறம் இரண்டாவதை. ஒரு நாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அந்தோணி துபாய்க்குப் போனார். டீச்சர் மாறுதல் வாங்கித் திண்டுக்கல் பக்கம் போனார். லைன் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர், கோயம்புத்தூர் என்று சாமான் ஏற்றினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்கா என் கடைக்கு வந்தார். இலுப்பூரில் மகனோடு இருக்கப் போகிறாராம். வீட்டை இடிக்கப் போகிறார்கள், அதற்குள் இந்தப் படத்துக்கு ஒரு சட்டம் போட்டுவிட வேண்டும் என்று பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். என் வேலை மேஜை மேல் விரித்தார்.

"கோடு இல்லாதது ஒண்ணு கெடைக்குமா தம்பி?"

"எல்லாம் மெட்ராஸ் போயிருச்சுக்கா."

என் நான்கு படங்களும் அதே மேஜையின் இழுப்பறையில், அவருடைய கைக்கு ஒரு சாண் கீழே இருந்தன.

"ஒண்ணுகூடவா மிச்சமில்ல?"

"இல்லக்கா."

"அப்ப இருக்குறவுகளக் கேட்டு ஒரு ஜெராக்ஸாச்சும் எடுக்கலாமா?"

"ஜெராக்ஸ் எடுத்தா மதிப்பு போயிரும்க்கா."

"யாருக்குத் தம்பி?"

அதற்கும் நான் சிரித்துவைத்தேன். நல்ல தேக்குச் சட்டமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பிடியா. சரிங்க தம்பி, வாரேன்" என்று படத்தை இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். காசு வாங்காததில் எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு அந்தப் படத்தின் மதிப்பு ஏறியது. ஆலையை இடித்த பிறகு இன்னும் ஏறியது. யாராவது கேட்டால், 'இதில் உள்ள ஊர் இப்போது இல்லை' என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், தாளில் பழுப்புப் புள்ளி இல்லை என்று எழுதுகிற அதே வரிசையில். நான்கில் இரண்டை விற்றேன். இரண்டு மிச்சம் இருந்தன.

சென்னைப் பெண் போன் செய்த மூன்றாம் நாள், அந்த இரண்டையும் வெளியே எடுத்தேன். ஒன்றில் மூலை லேசாக மடிந்திருக்கும். முதலில் அதைத்தான் சுருட்டினேன். பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது. மடியாததைச் சுருட்டிக்கொண்டு இலுப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. மருமகள் சரண்யா கதவைத் திறந்தார். உள்ளே, டிவிக்கு மேலே, என் தேக்குச் சட்டம். பாக்கியம் அக்காவுக்கு இப்போது ஒரு காது மந்தம். ஆனால் என்னைப் பார்த்ததும் "வாங்க தம்பி, சட்டக்கடை" என்றார்.

காபி வந்தது. குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். இந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு தண்டனை.

"அக்கா, அந்தக் கோடு டீச்சர் கை தவறிப் போட்டதில்ல. நான்தான் வெட்டுனேன்."

"தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"அன்னைக்குப் பொழுது சாயயிலயே டீச்சரு வந்து அழுதுச்சு. எல்லாஞ் சொல்லிருச்சு. ஒங்ககிட்ட நாலு இருக்குன்னும் சொல்லுச்சு."

"அப்ப கடைக்கு வந்தப்போ..."

"குடுப்பீகளான்னு பாத்தேன்." ஒரு கோபமும் இல்லை, பழைய ஷிஃப்ட் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். "காசு வேணாம்னீக. அப்பவே புரிஞ்சு போச்சு. சரி, மனுசனுக்குக் கூசுது போலன்னு வந்துட்டேன்."

நான் ஐம்பது என்ற எண்ணைப் பற்றியும் சொன்னேன். அது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இருபத்தெட்டும் போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம்க்கா."

"எங்களுக்குக் குடுத்தா அது செல்லாக்காசாப் போயிரும்னு நெனச்சீகளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத்தானே நினைத்தேன். கையில் இருந்த சுருளை அவிழ்த்து அவர் முன்னால் விரித்தேன். கோடில்லாத ஊர். சரண்யாவுக்கு ஆச்சரியம். "அத்த, இதுல எல்லா வீடும் இருக்கு!" என்று போனை எடுத்து, "ஒரு போட்டோ எடுத்துக்கவாங்க?" என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், 'வேண்டாம்மா' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவர் எடுத்தார். ஒரு நொடி. மாமியாருக்குத் தெரிந்த பழைய கீரனூர்க்காரர்கள் ஐந்து பேருக்கு அனுப்பினார். காபி ஆறுவதற்குள் திருப்பூரிலிருந்து ஒருவர் குரல் செய்தி போட்டிருந்தார். "ஆட்டப் பாருங்க, எங்க ஆடு! இத எங்கம்மா உசுரோட இருக்கயில காட்டியிருக்கணும்" என்றது அந்தக் குரல்.

மற்ற வீட்டுக்காரர்களின் போன் நம்பர் யாரிடமும் இல்லை. பேராவது எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டேன். பாக்கியம் அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வீடாக வந்தார். ஒன்று, வாட்ச்மேன் வீடு. இரண்டு, கேன்டீன்காரம்மா, ஓசியில் வடை கொடுத்தால் ஒரு மாதம் சொல்லிக்காட்டுவார். ஏழு, நட்சத்திர வீடு, ஜோசப்பு. "இவரு சம்சாரத்துக்குப் பயந்து ரெண்டு ஷிஃப்டு சேத்துப் பாத்தவரு." அவர் சிரிக்கச் சிரிக்க நான் எழுதினேன். பதினொன்றுக்கு வந்தபோது பப்பாளி மரத்தை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுத் தாண்டினார்.

பத்தொன்பதில் விரல் நின்றது.

வாசலில் பழைய சேலையைத் திரையாகக் கட்டிய வீடு. திரை பாதி ஒதுங்கியிருக்கிறது. பாக்கியம் அக்கா எழுந்து போய் டிவிக்கு மேலே இருந்த தம் படத்தைப் பார்த்தார். அதில் அந்த இடத்தில் என் கோடுதான் ஓடுகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டை அவர் பார்க்கவே இல்லை.

"ஒரு பொண்ணு. புதுசாக் கட்டிக்கிட்டு வந்த பொண்ணு. வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திட்டு இந்த வாசல்லதான் நின்னு காய வைக்கும். மில்லுல எனக்குப் பக்கத்து மிசின்லதான் வேலையும் பாத்துச்சு... பேரு நாக்குல நிக்கிது தம்பி. வர மாட்டேங்குதே." மருமகளைக் கேட்டார்; அவர் இலுப்பூர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? திருப்பூர்க்காரருக்குக் குரல் செய்தி போட்டார்கள். அவர் அப்போது சின்னப் பையன், தெரியவில்லை என்றார்.

கிளம்பும்போது படத்தை நீட்டினேன். "வச்சுட்டுப் போங்க" என்றார் பாக்கியம் அக்கா. "எனக்கு இந்தக் கோடு போட்டதே பழகிருச்சு. லைன் வீட்டு ஆளுக யாராச்சும் எங்க வீடு எங்கன்னு கேட்டு வந்தா, அதக் காட்டுறதுக்கு ஆகும்ல."

திரும்பும்போது விராலிமலைக்கு வந்து, நான்கு வழிச் சாலையில் திருச்சி போய், அங்கிருந்து கீரனூருக்குப் போனேன். சுற்று வழிதான். ஆலை இருந்த இடத்தில் இப்போது மனைப் பிரிவு. நிறம் பூசிய கற்கள் நட்டிருக்கிறார்கள். எந்தக் கல் எந்த வீடு என்று தெரியவில்லை. டீக்கடைகூட வேறு ஆளுடையது. இங்கே மில் சங்கு ஊதுமே என்று கேட்டேன். "எந்த மில்லுங்க?" என்றார் கடைக்காரர், மரியாதையாகத்தான்.

பஸ்ஸில் வரும்போது திண்டுக்கல்லுக்குப் போன் போட்டேன். ஸ்டெல்லா டீச்சர் எடுத்தார். ஐம்பதைப் பற்றி அவரிடமும் சொன்னேன். டீச்சர் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்; மறுபடியும் சொன்னேன். நான் பத்தொன்பதாம் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"பேரு எனக்கும் ஞாபகமில்லண்ணே" என்றார். "ஆனா அந்த வீட்டச் செதுக்குறப்போ அது வந்து பின்னால நின்னு பாத்துச்சு. திரையில இருக்குற சேல அதோட கல்யாணத்துக்கு எடுத்ததாம். 'சேலையில பூ இருக்கு டீச்சர், அதையும் போடுங்க'ன்னுச்சு. அம்புட்டுச் சின்னதுல எப்பிடிம்மா போடுறதுன்னேன். 'எனக்குத் தெரிஞ்சாப் போதும்'னு சொல்லுச்சு. ஊசிய வச்சுப் போட்டேன்."

கடைக்கு வந்ததும் மூலை மடிந்த அந்தக் கடைசிப் படத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன், எத்தனை பேருக்கு மதிப்புச் சொல்லியிருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. திரையில் ஐந்து பூ இருக்கிறது. கேட்டுப் போட்டுக்கொண்ட அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இந்தப் படம் போகவே இல்லை.